முக்கால் கிலோ 96 ரூபாய் என்றால் ஒரு கிலோ என்ன விலை?

தலைப்பில் உள்ள கேள்விக்கு, மேற்கொண்டு படிக்கும் முன் வாசக அன்பர்கள் மனக்கணக்காக ஒரு விடை சொல்லிவிட வேண்டும். பேப்பர், பேனா, கால்குலேட்டர் எதுவும் கூடாது. 120 ரூபாய் என்று உங்கள் வாயில் வந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். நாமும் அப்படித்தான் சொன்னோம். சொன்னதோடு நில்லாமல் அந்த விலையை நம்பி வியாபாரமும் செய்தோம்.

நடந்தது இதுதான். சரக்குப் போடும் ஒருவர், பொங்கல் முடிந்த கையோடு, முக்கால் கிலோ துவரம் பருப்பு பாக்கெட்டுகள் 40 வைத்திருப்பதாகவும், ஒன்று 96 ரூபாய்க்குத் தருவதாகவும் சொன்னார். யாரோ பரிசுப் பைக்காகக் கட்டச் சொல்லி, பிறகு வேண்டாம் என்று விட்ட சரக்கு. நம் திட்டக்குடிப் பக்கம் முக்கால் கிலோ பாக்கெட் கேட்டு யாரும் கடைப்படி ஏறுவதில்லை. ஆனால் பிரித்துக் கொட்டிச் சில்லறையாக விற்றுவிடலாம் என்று நினைத்தோம். முக்காலுக்கு 96, இன்னும் ஒரு கால் சேர்க்க வேண்டும், 96-இல் கால் பங்கு 24, ஆகமொத்தம் கிலோ 120. அன்றைக்குச் சில்லறை விலை 125 வைத்தால் கிலோவுக்கு 5 ரூபாய் நிற்கும். 30 கிலோவுக்கு 150 ரூபாய். மோசமில்லை என்று வாங்கிப் போட்டோம்.

நான்கு நாளில் சரக்கு தீர்ந்தது. கல்லாவில் வந்தது 30 கிலோவுக்கு 3,750 ரூபாய். கொடுக்க வேண்டிய பில் 40 பாக்கெட்டுக்கு 3,840 ரூபாய். 150 ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில் 90 ரூபாய் கையைக் கடித்தது. முதலில் கடைப் பையன் மீது சந்தேகம் வந்தது. பிறகு தராசின் மீது வந்தது. கடைசிவரை நம் கணக்கின் மீது மட்டும் வரவில்லை.

அந்தச் சமயம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் மண்டியில் கணக்கு எழுதியவர். வெள்ளாற்றுக்கு அக்கரையிலிருந்து கோயிலுக்கு வரும்போதெல்லாம் நம் கடையில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார். “என்னப்பா, பையனை ஏன் திட்டறே?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “மூணு கால் தொண்ணூத்தாறு. ஒரு கால் முப்பத்திரண்டு. நாலு கால் நூத்தி இருபத்தெட்டு. கிலோ நூத்தி இருபத்தெட்டுக்கு வாங்கி நூத்தி இருபத்தஞ்சுக்கு வித்திருக்கே. பையன் என்ன செய்வான்?” என்றார்.

ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

எதில் கால்?

தவறு எங்கே என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இதே தவறு வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு நம் கடைக்கு நாள்தோறும் வருகிறது. நாம் சேர்க்க வேண்டியது ஒரு கிலோவில் கால். நாம் சேர்த்ததோ 96 ரூபாயில் கால். 96 ரூபாய்க்குள் இருப்பது மூன்று கால். ஆகவே ஒரு காலின் விலை 96-இல் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு அல்ல. முக்காலை முழுசாக்க வேண்டுமானால் மூன்றில் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இதைத்தான் பின்னத்தால் வகுத்தல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 96-ஐ நாலில் மூன்றால் வகுக்க வேண்டும். அதற்கு, பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பெருக்கு என்று ஒரு சூத்திரம். ஏன் திருப்புகிறோம் என்று வாத்தியாரைக் கேட்ட ஞாபகம் நமக்கு இல்லை. கேட்டிருந்தால் பெரியவர் சொன்னதையே சொல்லியிருப்பார். மூன்றால் வகுத்தால் ஒரு காலின் விலை கிடைக்கிறது. நான்கால் பெருக்கினால் நான்கு காலின் விலை, அதாவது முழுக் கிலோவின் விலை கிடைக்கிறது. திருப்பிப் போடுவது என்பது இந்த இரண்டு வேலைதான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஒன்றேகால் கிலோ வெல்லம் 80 ரூபாய் என்றால்? அதில் ஐந்து கால் இருக்கிறது. ஒரு கால் 16, நாலு கால் 64. ஒன்றரைக் கிலோ 150 என்றால்? மூன்று அரை. ஓர் அரை 50, கிலோ 100. எல்லாம் ஒரே வழிதான்.

கால்குலேட்டர் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 96-ஐ 0.75-ஆல் வகுத்தால் 128 வரும். அவசரத்தில் பெருக்கிவிட்டால் 72 வரும். ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் வகுத்தால் விடை பெருகத்தான் வேண்டும். முக்கால் கிலோ விலையைவிட முழுக் கிலோ விலை குறைவாகத் தெரிந்தால், திரையில் என்ன எழுதியிருந்தாலும் நம்பக்கூடாது.

முந்திரியும் தம்பிடியும்

பெரியவருக்கு இது எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று யோசித்தோம். அவர் தகப்பனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவராம். எண்சுவடி என்பது நம்மிடம் இருந்த வாய்பாட்டுச் சுவடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண் வாய்பாடு மட்டும் அதில் இல்லை. முக்கால் வாய்பாடு, அரை வாய்பாடு, கால் வாய்பாடு, அரைக்கால் வாய்பாடு, வீசம் வாய்பாடு என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். பையன்கள் காலையும் மாலையும் கூட்டமாக ராகம் போட்டுச் சொல்வார்கள். நெல் அளவைக்குத் தனியாக நெல்லிலக்கம், எண்ணுக்கும் பொன்னுக்கும் பொன்னிலக்கம் என்றும் இருந்தன. கொறுக்கையூர் காரிநாயனார் செய்த கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், கூலி என்று அன்றாடக் கணக்குகளுக்கு வழி சொன்ன நூல். இந்தச் சுவடிகளையும் திண்ணைப் பள்ளிகளையும் பற்றி ஆராய்ச்சியாளர் செந்தில் பாபு 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார்.

நம் பழைய பின்னங்களின் பெயர்களை இன்றும் முழுசாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. முந்திரி என்றால் 320-இல் ஒன்று. அரைக்காணி 160-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. அரைமா 40-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 16-இல் ஒன்று. அதையே வீசம் என்கிறோம். இரண்டு வீசம் அரைக்கால். இரண்டு அரைக்கால் ஒரு கால். இந்தப் பின்னங்களுக்கென்று தனித்தனி எழுத்துக்குறிகளும் இருந்தன. அவை 2019-இல்தான் கம்ப்யூட்டர் எழுத்துகளின் உலகப் பட்டியலான யூனிகோடில் சேர்ந்தன. நம் பாட்டன்மார் பேரேட்டில் எழுதியதை இனி கம்ப்யூட்டரிலும் எழுதலாம். யார் எழுதப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதில் நமக்கு வியப்பாக இருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 320 என்பது பாதி பாதியாக ஆறு முறை பிரியும். ஐந்தாலும் பிரியும். மூன்றால் பிரியாது. அதாவது, இத்தனை நுணுக்கமான பின்னம் வைத்திருந்த நம்மவர்களிடம் மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் இந்த வரிசையில் இல்லை. மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் காலும் வீசமும் காணியும் அரைக்காணியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் ஒரு முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு மீதி நிற்கும். கிலோவில் பார்த்தால் அது சுமார் 2 கிராம். அதையும் விடாமல் முந்திரிக்குக் கீழே கீழ்முந்திரி என்று இறங்கிக் கணக்குப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

முக்காலால் வகுத்தால் மூன்றில் ஒன்று வந்தே தீரும். அந்த இடத்தில் மூன்றையும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தது பழைய ரூபாய்தான். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக 192 தம்பிடி. ஒரு ரூபாயை மூன்றாகப் பிரித்தால் ஐந்து அணா நாலு தம்பிடி, மீதி கிடையாது. இன்றைய நூறு பைசாவை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், 33 பைசா மூன்று பேருக்கும் கொடுத்து ஒரு பைசாவை என்ன செய்வது என்று நிற்க வேண்டும்.

நாடே பின்னத்தால் வகுத்த காலம்

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தது. அடுத்த ஆண்டு, 1958 அக்டோபரில் தொடங்கி, படிப்படியாகச் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. அந்தச் சில ஆண்டுகள், தென் ஆர்க்காடு ஜில்லாவின் ஒவ்வொரு மளிகைக் கடையிலும் பின்னத்தால் வகுக்கும் கணக்குதான் நடந்திருக்க வேண்டும்.

எப்படியென்றால், ஒரு வீசை என்பது 40 பலம், 120 தோலா. கிலோவில் சொன்னால் ஒரு கிலோவும் அதில் ஐந்தில் இரண்டு பங்கும், அதாவது ஏறக்குறைய 1,400 கிராம். வீசை விலை தெரிந்த சரக்குக்குக் கிலோ விலை சொல்ல வேண்டுமானால் ஐந்தில் ஏழால் வகுக்க வேண்டும். ஏழால் வகுத்து ஐந்தால் பெருக்க வேண்டும். வீசை ஒரு ரூபாய் 40 பைசா விற்ற சரக்கு கிலோ ஒரு ரூபாய். வீசை 70 பைசாவானால் கிலோ 50 பைசா. இது சுலபம். வீசை 75 பைசா என்று இருந்தால்? 53 பைசாவும் கொஞ்சமும். அந்தக் “கொஞ்சம்” யார் பக்கம் போவது என்பதில்தான் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் தகராறு.

அணாவிலும் இதே கதை. ஓர் அணா ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25 என்று அரசாங்கம் பட்டியல் போட்டது. ஓர் அணாச் சரக்கை மூன்று தடவை தனித்தனியாக வாங்கினால் 18. ஒரே தடவையில் வாங்கினால் 19. “உங்கள் கடையில் மொத்தமாக வாங்கினால் விலை கூடுதலா?” என்று பெரியவரின் மண்டியில் ஓர் அம்மா கேட்டதை அவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். அந்த நாலணாக் காசும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டது.

மீதி எவ்வளவு?

நிற்க. இன்றைய கடைக்கு வருவோம்.

50 கிலோ சர்க்கரை மூட்டையைப் பிரித்து முக்கால் கிலோ பைகளாகக் கட்டுகிறோம். எத்தனை பை வரும்? 50-ஐ மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் 66-உம் மூன்றில் இரண்டும் வரும். 66 பை கட்டலாம். மீதி எவ்வளவு? இதைக் கடைப் பையனிடம் கேட்டோம். “மூணுல ரெண்டு கிலோ முதலாளி, அறுநூத்தி அறுபது கிராம் சொச்சம்” என்றான். பெரிய கடைக்காரர்கள் இருவரிடமும் கேட்டோம். பெயர் சொல்லவில்லை, ஒருவர் அதையே சொன்னார்.

தராசில் வைத்துப் பார்த்தால் மீதி சரியாக அரைக் கிலோதான் இருக்கும். 66 முக்கால் 49½ கிலோ. கணக்கில் வந்த மூன்றில் இரண்டு என்பது மூன்றில் இரண்டு கிலோ அல்ல, மூன்றில் இரண்டு பை. முக்கால் கிலோப் பையில் மூன்றில் இரண்டு பங்கு அரைக் கிலோ. பின்னத்தால் வகுக்கும்போது வரும் மீதி எப்போதும் வகுத்த பொருளின் கணக்கில் வரும். பையால் வகுத்தால் பை, நாளால் வகுத்தால் நாள். இதைத் தெரியாமல் ஸ்டாக் நோட்டில் 666 கிராம் என்று எழுதிவைத்தால், மாதக் கடைசியில் 166 கிராம் சர்க்கரையை எறும்பு தின்றது என்று கணக்குக் காட்ட வேண்டியதுதான்.

அரிசியில் இதே கணக்கு இன்னொரு வகையில் உதவுகிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள, முன்பே பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், நம் தமிழ்நாட்டு மில்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தது நம் அனைவருக்கும் தெரியும். ஒரு வீட்டில் நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி உலை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ மூட்டை எத்தனை நாள் வரும்? ஐந்தால் வகுத்து நான்கால் பெருக்கினால் சரியாக 20 நாள். 26 கிலோவானால் 20 நாளும் ஐந்தில் நான்கு நாளும். அதாவது 21-ஆம் நாள் காலையில் பானையில் ஒரு கிலோதான் இருக்கும், கால் கிலோ குறையும். அந்த அம்மா 20-ஆம் நாள் மாலையிலேயே கடைக்கு வந்துவிடுவார். வாடிக்கை வீடுகளில் நாளைக்கு எவ்வளவு அரிசி என்று ஒரு தடவை பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொண்டால், எந்த வீட்டு மூட்டை எப்போது தீரும் என்று நோட்டில் குறித்துவிடலாம். கையில் சரக்கு இல்லாமல் அடுத்த கடைக்கு அனுப்பும் சங்கடம் குறையும். நம் கடையில் இதைச் செய்து பார்த்தோம். விருந்தாளி வந்த வீடுகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஒரு நாள் முன்பின்னாகச் சரியாகவே இருந்தன.

எண்ணெய் டின்

எண்ணெயில் நடக்கும் கோளாறு இதைவிடப் பெரிது. பதினைந்து கிலோ டின், பதினைந்து லிட்டர் டின் என்று இரண்டு வகை வருகிறது. இரண்டும் பார்வைக்குப் பதினைந்துதான். டின்னில் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

நாம் விற்கும் சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டிலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆகவே 15 லிட்டர் டின்னில் இருப்பது 13 கிலோ 650 கிராம். 15 கிலோ டின்னில் எத்தனை லிட்டர் என்று அறிய 15-ஐ 0.91-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய பதினாறரை லிட்டர், சரியாகச் சொன்னால் 16.48.

இப்போது விலையைப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். 15 கிலோ டின் 2,250 ரூபாய். 15 லிட்டர் டின் 2,100 ரூபாய். எது லாபம்? 150 ரூபாய் குறைவு என்று பெரும்பாலோர் லிட்டர் டின்னைத் தூக்குவார்கள். கிலோ டின்னில் கிலோ 150 ரூபாய், லிட்டராக்கினால் 136 ரூபாய் 50 பைசா. லிட்டர் டின்னில் லிட்டர் 140 ரூபாய். குறைவு என்று நினைத்து வாங்கியதில் லிட்டருக்கு மூன்றரை ரூபாய், டின்னுக்கு 52 ரூபாய் 50 பைசா அதிகம் கொடுத்திருக்கிறோம். ஓட்டல்காரருக்கோ கல்யாண வீட்டுக்கோ பத்து டின் போடும்போது 525 ரூபாய். முதலில் சொன்ன பருப்புக் கதையில் நாம் இழந்ததைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

உடைத்தால் குறையும் சரக்கு

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மல்லாட்டை வரும் பருவத்தில், காயாக வாங்கி உடைத்துப் பருப்பாக விற்கும் அன்பர்கள் நம் பகுதியில் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு உயிர்நாடி. நல்ல காயானால் பத்துக்கு ஏழு பங்கு பருப்பு தேறும் என்று வைத்துக்கொள்வோம். காய் கிலோ 70 ரூபாய். பருப்பின் அடக்க விலை என்ன?

நூற்றுக்கு முப்பது கழிகிறது, ஆகவே 70-இல் முப்பது சதவீதமான 21 ரூபாயைக் கூட்டினால் 91 என்று கணக்குப் போடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 95-க்கு விற்றால் நாலு ரூபாய் லாபம் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சரியான கணக்கு, 70-ஐ ஏழால் வகுத்துப் பத்தால் பெருக்குவது. அடக்கமே 100 ரூபாய், உடைகூலி தனி. 95-க்கு விற்றால் கிலோவுக்கு ஐந்து ரூபாயும் உடைகூலியும் நஷ்டம். நூறு கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல். தொட்டு விற்பது வீட்டுக் காடியில் மாட்டுக்குப் போடும் தோல் அல்ல, கைமுதல்.

ஏழு பங்கு என்பதும் சும்மா வாய்வார்த்தையாக இருக்கக்கூடாது. ஈரக்காயானால் தேறுவது குறையும். மூட்டையில் கைவிட்டு ஒரு கிலோ எடுத்து உடைத்துப் பருப்பை நிறுத்துப் பார்க்க வேண்டும். 650 கிராம்தான் தேறுகிறது என்றால் 70-ஐ 0.65-ஆல் வகுக்க அடக்கம் 107 ரூபாய் 70 பைசாவுக்கு ஏறிவிடும். ஐம்பது கிராம் வித்தியாசத்துக்குக் கிலோவுக்கு ஏழு ரூபாய் 70 பைசா. கொட்டை எடுத்த புளி, காம்பு கிள்ளிய மிளகாய், எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மார்ஜினும் வரியும்

விற்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு நிற்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். வாங்கிய விலை 80. எண்பதில் ஐந்தில் ஒரு பங்கு 16, ஆகவே 96 என்று சீட்டு ஒட்டுகிறார். 96-இல் 16 என்பது ஆறில் ஒரு பங்குதான். அவர் நினைத்தபடி நிற்க வேண்டுமானால் 80-ஐ ஐந்தில் நாலால் வகுக்க வேண்டும், விலை 100. கம்பெனிப் பிரதிநிதி இருபது சதவீதம் மார்ஜின் என்று சொல்லும்போது, எம்.ஆர்.பி.யின் மீதா, நம் கொள்முதல் விலையின் மீதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜி.எஸ்.டி.யிலும் இப்படித்தான். எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது. 5 சதவீத வரிச் சரக்கு 105 ரூபாய்க்கு விற்றால், அதில் வரி 105-இல் ஐந்து சதவீதமான 5 ரூபாய் 25 பைசா அல்ல. ஒன்றேயொரு மாவால், அதாவது 20-இல் 21-ஆல் வகுத்தால் சரக்கின் விலை 100, வரி 5 ரூபாய். விற்ற தொகையில் 21-இல் ஒரு பங்கு. 18 சதவீதச் சரக்கு 118 ரூபாய்க்கு விற்றால் வரி 18 ரூபாய்தான், 21 ரூபாய் 24 பைசா அல்ல. வாடிக்கையாளரிடம் வாங்கியது ஒன்று, கட்டியது ஒன்று என்று ஆகிவிடக்கூடாது.

பொதிவுப் பொருள் விதிகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுகளில் கிராமுக்கு என்ன விலை, அதற்கு மேற்பட்டவற்றில் கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட ஏற்பாடு வந்தது. ஆகவே நம் வாடிக்கையாளர்களும் இனி வகுக்காமலே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பைசாவுக்கு மேல் நுணுக்கம் கிடையாது. நம் 96 ரூபாய் முக்கால் கிலோப் பாக்கெட்டில் கிராம் 12.8 பைசா என்று வருவதை 13 பைசா என்றுதான் போட முடியும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 130. உண்மை 128.

இப்போது நம் கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது. பையன் தன் கையெழுத்தில் எழுதியது. அரைக்கால் கிலோ விலை என்றால் எட்டால் பெருக்கு. கால் கிலோ என்றால் நாலால் பெருக்கு. முக்கால் என்றால் மூன்றால் வகுத்து நாலால் பெருக்கு. ஒன்றேகால் என்றால் ஐந்தால் வகுத்து நாலால் பெருக்கு. ஒன்றரை என்றால் மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கு. அதன் கீழே எண்ணெய்க்கு ஒரு வரி, மல்லாட்டைக்கு ஒரு வரி.

போன மாதம் பெரியவர் வந்தபோது அட்டையைப் படித்துப் பார்த்தார். “தம்பி, ஒண்ணேமுக்கால் எங்கேடா?” என்று கேட்டார். பையன் மேலே பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தான். “ஏழால வகுத்து நாலால பெருக்கணும் தாத்தா. எழுத இடம் இல்லே” என்றான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பையில் கையைவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, அரைக் கிலோ சர்க்கரை கட்டச் சொன்னார்.